வளவுப் பூவுகளைக் கலண்டர்ப் படம் மாதிரி இல்லாம எடுக்கிறது எப்பிடி?

செம்மண்வளவு

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணம் உரும்பிராயில இருக்கிறன், கமெரா பிடிக்கத் தொடங்கி ஒண்டரை வருசம்தான் ஆகுது. என்னட்ட இருக்கிறது கனன் 1300டி, அதோட வந்த 18-55 லென்ஸ், பேந்து ஒரு றெட்மி ஃபோன், அதில புறோ மோட் இருக்கு. வேற ஒண்டும் இல்லை, இப்போதைக்கு வாங்கவும் ஏலாது.

எங்கட வளவில பூ கனக்க. முன்வேலி முழுக்கச் செவ்வரத்தை, கிணத்தடியில தேமா, படலைக்குப் பக்கத்தில நந்தியாவட்டை, கோடிப்பக்கம் பூவரசு, மதிலோட காகிதப்பூ, அம்மா வச்ச நாலுமணிப்பூ. இதில அரைவாசி என்ர பெரியம்மா நட்டது. அவ இப்ப ரொறன்ரோவில, முழங்கால் ஏலாது, இனி பிளேன் ஏறி வாறது கஷ்டம் எண்டு அவவே சொல்லுறா. போன மாசம் ஒரு நாப்பது படம் எடுத்து வட்ஸ்அப்பில அனுப்பினனான். எல்லாம் நல்ல ஷார்ப், பூ நடுவில, பின்னால மங்கல், யூரியூப்பில சொல்லித்தந்த மாதிரியே. அவ பாத்திட்டுச் சொன்னா, "வடிவாத்தான் கிடக்குப் பிள்ளை, ஆனா உது ஆற்ற வீட்டுப் பூவெண்டு தெரியேல்லையே, கலண்டர் மாதிரிக் கிடக்கு" எண்டு.

அவ சொன்னது சரி. திருப்பிப் பாக்க எனக்கும் அப்பிடித்தான் இருந்தது. அதால கொஞ்சம் வேற மாதிரி எடுக்கப் பழக வேணும் எண்டு நினைக்கிறன், ஆனா மூண்டு இடத்தில தட்டுப்படுறன். ஒண்டு, செவ்வரத்தை எப்ப எடுத்தாலும் சிவப்புச் சாயம் ஊத்தின மாதிரி ஒரே திட்டா வருது, இதழில இருக்கிற கோடு மடிப்பு ஒண்டும் தெரியேல்லை. ரெண்டு, இப்ப சோளகக் காத்து, ஒரு பூ ஒரு நிமிசம் நிக்குதில்லை. மூண்டு, ஒரு படத்துக்கு மேல இன்னொரு படம் விழுந்த மாதிரி, இல்லாட்டி தூரிகையால இழுத்த மாதிரியெல்லாம் பூப்படம் பாத்திருக்கிறன், அது கமெராவிலயே செய்யிறதோ, கொம்பியூட்டரில செய்யிறதோ? 1300டியில டபுள் எக்ஸ்போஷர் எங்க இருக்கெண்டு மெனு முழுக்கத் தேடிப் போட்டன், காணேல்லை. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பழங்கமெரா

தங்கச்சி, முதல் செவ்வரத்தையைப் பாப்பம், ஏனெண்டால் அதில கமெராவும் பழுதில்லை, உங்கட கையும் பிழையில்லை. கமெரா வெளிச்சத்தை மொத்தமாத்தான் அளக்கும். செவ்வரத்தையில பச்சையும் நீலமும் சொற்பம், சிவப்பு மட்டும் உச்சியில நிக்கும். மொத்த அளவு சரி எண்டு கமெரா முடிவெடுக்கிற நேரம் சிவப்பு எப்பவோ நிரம்பி வழிஞ்சிட்டுது. வழிஞ்ச இடத்தில நரம்பும் இல்லை, மடிப்பும் இல்லை, பேந்து எவ்வளவு எடிட் பண்ணினாலும் திரும்பி வராது.

என்ன செய்யவேணும் எண்டால், எடுத்த படத்தைப் பாக்கேக்க வாற ஹிஸ்ரோகிராமை, வெளிச்சத்தை மேடு மேடாக் காட்டுற வரைபடத்தை, மெனுவில ஆர்ஜிபிக்கு மாத்தி விடுங்கோ, மூண்டு நிறமும் தனித்தனியா வரும். சிவப்பு மேடு வலப்பக்கச் சுவரில முட்டிக்கொண்டு நிண்டால் எக்ஸ்போஷரை (உள்ள விடுற வெளிச்சத்தை) ஒரு ஸ்ரொப், அதாவது அரைவாசியா, குறைச்சுத் திருப்பி எடுங்கோ, அதுவும் காணாட்டி இன்னும் கொஞ்சம். படம் மொத்தமா இருண்டு தெரியும், பயப்பிடாதேங்கோ, இலையைப் பேந்து வெளிப்பாக்கலாம். பிக்சர் ஸ்ரைல் லாண்ட்ஸ்கேப்பில கிடந்தால் நியூட்ரலுக்கு மாத்துங்கோ, அது நிறத்தை ஏத்தி ஏத்தி இன்னும் கெடுக்கும். ஏலுமெண்டால் றோவில, அதாவது கமெரா பதிஞ்சதை அப்பிடியே வைக்கிற கோப்பில, எடுங்கோ. நந்தியாவட்டைக்கு இதே பிரச்சினை வேற விதமா வரும், பின்னால கரும்பச்சை இலை நிறைய நிண்டால் கமெரா இருட்டெண்டு நினைச்சு வெளிச்சத்தைக் கூட்டும், வெள்ளை வெளிறிப் போகும், அதுக்கும் குறைக்கத்தான் வேணும்.

வெயிலைப் பற்றி ஒண்டு. எங்கட பக்கம் விடிய ஆறரையில இருந்து ஒரு எட்டு மணி மட்டும்தான் வெளிச்சம் பக்கவாட்டா வரும், அதுக்குப் பிறகு உச்சியில இருந்து கொட்டும். பத்து மணிக்கு எடுக்கத்தான் வேணுமெண்டால் பழைய வெள்ளை வேட்டி ஒண்டை ரெண்டு பேர் பூவுக்கு மேல பிடியுங்கோ. ஸ்ரூடியோவில ஆயிரக்கணக்கில காசு குடுத்து வாங்கின துணி செய்யிற அதே வேலையை அது செய்யும், நான் ரெண்டையும் பாவிச்சனான்.

ஆனா உங்கட பெரியம்மா சொன்னதுக்கு மறுமொழி உதெல்லாம் இல்லை. அவவுக்குப் பூ தெரியாமல் இல்லை, பூ நிக்கிற இடம் தெரியேல்லை. லென்ஸை 55க்கு, கிட்ட இழுத்துக் காட்டுற பக்கம், வச்சுப் பின்னுக்கு மங்கலாக்கினால் உரும்பிராயில எடுத்தாலும் ஊட்டியில எடுத்தாலும் ஒண்டுதான். லென்ஸை 18க்கு, அகலமாக் காட்டுற பக்கம், கொண்டு வாங்கோ. உந்த லென்ஸ் கால் மீற்றரில ஃபோக்கஸ் பிடிக்கும், அது சென்சரில இருந்து கணக்கு, அப்ப லென்ஸ் முகத்துக்கும் பூவுக்கும் இடையில ஒரு சாண் கூட வராது. அவ்வளவு கிட்டப் போய்த் தேமாவை எடுங்கோ. பூ பெரிசா முன்னுக்கு நிக்கும், பின்னால கிணத்துக்கட்டு, கப்பி, வாளி எல்லாம் மெல்ல மங்கி, ஆனா இன்னது எண்டு விளங்கிற அளவுக்கு நிக்கும். செவ்வரத்தையை உங்கட உயரத்தில நிண்டு எடுக்காதேங்கோ. அவ சாமிக்குப் பூ ஆஞ்சிருப்பா தானே, கை எந்த உயரத்துக்குப் போயிருக்கும், எந்தக் கொப்பை வளைச்சிருப்பா எண்டு யோசிச்சு அந்த இடத்தில கமெராவை வையுங்கோ, முன்னால ரெண்டு இலை லென்ஸில உரசிக்கொண்டு நிண்டாலும் பரவாயில்லை, அந்த இலை பச்சைப் புகை மாதிரி வந்து பூவைச் சுத்தி நிக்கும்.

சோளகம்

அண்ணை சொன்ன 18 விசயம் நானும் செய்து பாத்திருக்கிறன், முழுக்க உண்மை. நான் காத்தைப் பற்றிச் சொல்லுறன்.

மே துவங்கினால் செப்ரெம்பர் மட்டும் உது நிக்காது அக்கா. நானும் முதல் வருசம் முழுக்கக் காத்து நிக்கும் நிக்கும் எண்டு குந்திக்கொண்டிருந்து நாரி பிடிச்சதுதான் மிச்சம். பேந்துதான் விளங்கினது, காத்தைப் பதியலாம் எண்டு. கமெராவை ஸ்ராண்டில இறுக்கி வையுங்கோ, ஸ்ராண்ட் இல்லாட்டி ஒரு கதிரையில ஒரு பை அரிசி வச்சு அதுக்கு மேல. ஷட்டரை அரைச் செக்கன் திறந்திருக்க விடுங்கோ. மதில் அசையாது, தண்டு கொஞ்சம் அசையும், காகிதப்பூ மட்டும் ஓடி ஓடி நிறமா இழுபடும். மதில் ஷார்ப்பா இருக்கிறதாலதான் அது காத்தெண்டு தெரியும், எல்லாமே கலங்கினால் கை நடுங்கினதெண்டு நினைப்பினம்.

மற்றது நீங்கள் கேட்ட தூரிகைப் படம், அது கமெராவிலதான், ஷட்டர் திறந்திருக்கிற நேரம் வேணுமெண்டே கமெராவை அசைக்கிறது. கணக்குச் சொல்லுறன். எஃப் எண்டது லென்ஸின்ர துவார அளவு, எண் கூடக் கூடத் துவாரம் சின்னன், ஐஎஸ்ஓ எண்டது வெளிச்சத்துக்குக் கமெரா காட்டுற உணர்வு. உச்சி வெயில்ல ஐஎஸ்ஓ 100, எஃப் 16 வச்சால் ஷட்டர் 1/100 அளவில நிக்கும். எஃப் 22 போனால் 1/50. உதுக்குள்ள ஒண்டும் இழுபடாது. அதே எஃப் 22ஓட மாமர நிழலுக்குள்ள வந்தால் 1/8, 1/6 கிடைக்கும், உதுதான் எங்களுக்கு வேணும். பின்னேரம் சூரியன் விழுந்த கையோட அரைச் செக்கன், ஒரு செக்கன் எல்லாம் ஃபில்ரர் ஒண்டும் இல்லாமலே வரும். லென்ஸில இருக்கிற, கை ஆட்டத்தைக் குறைக்கிற ஸ்ரெபிலைசரை ஓஃப் பண்ண மறக்காதேங்கோ, நீங்கள் இழுக்க அது பிடிச்சு நிறுத்தப் பாக்கும்.

எந்தப் பக்கம் அசைக்கிறது எண்டதைப் பூவிட்டயே கேக்கவேணும். தேமாப்பூ இருக்கே, அதின்ர அஞ்சு இதழும் ஒண்டின்ர தோளில ஒண்டு ஏறி ஒரே திசைக்குச் சுழிச்சுக் கிடக்கும், மொட்டைப் பாத்தால் முறுக்கின திரி மாதிரி. அதுக்குக் கமெராவை மேல கீழ இழுத்தால் ஒண்டும் வராது. பூவின்ர மஞ்சள் நடுவைப் படத்தின்ர நடுவில வச்சுக் கமெராவைச் சுழட்டுங்கோ, இதழ் சுழிச்ச பக்கமே சுழட்டுங்கோ. நடுவில மஞ்சள் அப்பிடியே நிக்கும், வெளியால வெள்ளை சுத்திக்கொண்டு போகும். காகிதப்பூக் கொப்பு வளைஞ்சு தொங்கும், அதுக்கு அதே வளைவில மேல இருந்து கீழ. நந்தியாவட்டைக்கு நேர்க்குத்து, மெல்லமா.

நான் கண்டுபிடிச்ச ஒரு விசயம், அரைச் செக்கன் வச்சால் முதல் பாதி அசையாமப் பிடிச்சுக்கொண்டிருந்து, அடுத்த பாதியில மட்டும் இழுக்கிறது. அப்ப பூவின்ர உருவம் விளங்கும், அதில இருந்து நிறம் ஒழுகினமாதிரி வரும். முழுக்க இழுத்தால் வெறும் கோடு. அறுவது எடுத்தால் ரெண்டு மூண்டுதான் தேறும், அதுக்காக விடாதேங்கோ.

ஃபோனில எண்டால் துவாரத்தைச் சின்னனாக்க ஏலாது, அதால பகல்ல ஷட்டர் நேரத்தைக் கூட்டினால் படம் வெள்ளையாப் போயிடும். நல்ல கறுப்புக் கூலிங் கிளாஸை ஃபோன் லென்ஸுக்கு முன்னால ஒட்டப் பிடியுங்கோ, ஏறக்குறைய மூண்டு ஸ்ரொப் குறைக்கும்.

கிணத்தடி

நான் ஃபோனால மட்டும் எடுக்கிறனான், கமெரா தொட்டதே இல்லை, அதால எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன் தங்கச்சி. உங்கட ஃபோனில மக்ரோ எண்டு, நல்லாக் கிட்டப் போய் எடுக்க, தனியா 2 மெகாபிக்சல் கமெரா ஒண்டு இருந்தால் அதைத் தொடாதேங்கோ, மாவுதான் வரும். மெயின் கமெராவில 2 எக்ஸ் வச்சு ஒரு முழம் தள்ளி நிண்டு எடுத்து வெட்டினாலே அதைவிட எவ்வளவோ திறம்.

எங்கட வீட்டில பழைய குசினி வெளியில தனியா இருக்கு, இப்ப சமைக்கிறேல்லை, ஆனா சுவர் முழுக்கப் புகை பிடிச்சு நல்ல கறுப்பு. விடிய ஏழு மணிக்கு வெயில் அந்த வாசல் நிலையில மட்டும் விழும், உள்ளுக்க கும்மிருட்டு. நான் என்ன செய்யிறதெண்டால் பூவை ஒரு போத்தில்ல வச்சு வாசல்படியில, வெயில் விழுற இடத்தில வைப்பன், ஃபோனை வெளிய நிண்டு வாசலைப் பாத்துப் பிடிப்பன். திரையில பூவைத் தொட்டுப் போட்டு அந்தச் சூரியன் குறியைக் கீழ இழுக்க இழுக்கப் பின்னால எல்லாம் கறுத்துக்கொண்டே போகும், கடைசியில பூ மட்டும் நிக்கும். சித்திரம் கீறின மாதிரி. கறுப்புத் துணி கட்டி எடுத்தும் பாத்தன், துணியில வெயில் பட்டுச் சுருக்கு எல்லாம் தெரியுது, வாசலுக்குக் கிட்டவும் வராது. உங்கட வீட்டில அப்பிடி ஒரு குசினி இல்லாட்டி ஆட்டுக்கொட்டில், விறகுக் கொட்டில் எதுவும் காணும், உள்ளுக்க இருட்டா இருந்தால் சரி.

மற்றது தண்ணித்துளி. உதை நான் கிணத்தடியில நிண்டு உடுப்புத் தோய்க்கேக்கதான் கண்டனான், அறுகம்புல்லு நுனியில ஒரு துளி, அதுக்குள்ள பின்னால நிண்ட செவ்வரத்தை முழுசாத் தலைகீழா. அவ்வளவு சின்ன துளிக்குள்ள அஞ்சு இதழும் எண்ணலாம். அண்டைக்கு உடுப்பு அப்பிடியே கிடந்திட்டுது. துளி ஒரு சின்ன லென்ஸ் தானே, அதால தலைகீழாத்தான் காட்டும். பூவைத் தலைகீழாச் செருகி வச்சீங்களெண்டால் துளிக்குள்ள நேராத் தெரியும். பூ துளிக்குப் பின்னால ஒரு நாலு விரக்கடை தூரத்தில இருக்க வேணும், கனக்கத் தள்ளினால் உள்ளுக்க புள்ளியாப் போயிடும். வெறும் தண்ணி வெயிலுக்குக் கெதியாக் காஞ்சிடும், பாமசியில கிளிசரீன் வாங்கித் தண்ணியோட அரைக்கரைவாசி கலந்து, ஊசி இல்லாத சிறிஞ்சால வையுங்கோ, மணிக்கணக்கா நிக்கும். ஃபோக்கஸ் துளியின்ர தோலில வைக்கக் கூடாது, உள்ளுக்க தெரியிற பூவில வைக்க வேணும், உது விளங்க எனக்கு ரெண்டு நாள் எடுத்தது. துளிக்கு ஃபோனில கட்டாயம் கிளிப் லென்ஸ், ஃபோன் கமெராவுக்கு மேல கொழுவிற சின்ன லென்ஸ், வேணும்.

செம்மண்வளவு

கடவுளே, இவ்வளவு விபரமா எழுதுவீங்கள் எண்டு நினைக்கேல்லை, எல்லாருக்கும் பெரிய நன்றி. ஹிஸ்ரோகிராமை மாத்திப் போட்டன், உண்மைதான் அண்ணை, பழைய செவ்வரத்தைப் படம் எல்லாத்திலயும் சிவப்புப் போய்ச் சுவரில மோதிக்கொண்டு நிக்குது. இவ்வளவு நாளும் தெரியாமல் இருந்திட்டன்.

ஒரு சந்தேகம். லென்ஸைக் கழட்டி, கமெராவுக்கு முன்னால கையில சாய்ச்சுப் பிடிச்சு எடுக்கிறதை ஒரு வீடியோவில பாத்தனான். ஒரு இதழ் மட்டும் ஷார்ப், மற்றதெல்லாம் கனவு மாதிரி. செலவும் இல்லை. செய்து பாக்கலாமோ?

பழங்கமெரா

வேண்டாம் எண்டுதான் சொல்லுவன். அங்க காட்டுறவை புல்லுத்தரையில நிண்டு செய்யினம். உங்கட மண் செம்மண், இப்ப சோளகம், அந்தத் தூள் எப்பிடிப் பறக்கும் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, கொடியில காயிற வெள்ளைச் சீலை பின்னேரத்துக்குள்ள மண்ணிறம். அது சென்சரில போய் ஒட்டும். தம்பி சொன்ன எஃப் 22 வைக்கேக்க ஒவ்வொரு தூளும் கறுப்புப் புள்ளியா வந்து நிக்கும். நான் ஒருக்கா ரவுணில ஒரு இடத்தில சென்சர் துடைக்கக் குடுத்து, தூசி போய்க் கீறலோட வந்தது, அந்தக் கமெரா அதுக்குப் பிறகு சும்மா அலமாரியில கிடக்கு. அதால சொல்லுறன்.

அந்த மாதிரிப் படம் வேணுமெண்டால் வேற வழி இருக்கு. உங்கட லென்ஸின்ர முன்வாய் 58 மில்லிமீற்றர். 58 றிவேர்ஸ் றிங் எண்டு கேளுங்கோ, லென்ஸைத் தலைமாறிப் பூட்டுற ஒரு வளையம், பெரிய விலை இல்லை, உள்ளுக்க கண்ணாடியே இல்லாத வெறும் உலோகம். அதைப் போட்டால் 18-55 மக்ரோ லென்ஸாகிடும். 55ல வைச்சால் செவ்வரத்தையின்ர நடுத்தண்டு முழுக்க வரும், 18 பக்கம் கொண்டுபோகப் போக மகரந்தம் ஒவ்வொரு மணியாத் தெரியும். ஓட்டோ ஃபோக்கஸ் வேலை செய்யாது, கமெராவை முன்ன பின்ன அசைச்சுத்தான் பிடிக்க வேணும். துவாரமும் முழுக்கத் திறந்துதான் நிக்கும், அதாலதான் ஒரு மயிரிழை மட்டும் ஷார்ப்பாகி மற்றது கரைஞ்சு போகும், நீங்கள் ஆசைப்பட்ட கனவு உதுதான். பூட்டின பிறகு தூசியும் உள்ள போகாது.

பழைய ஃபிலிம் கமெரா லென்ஸ் ஆற்றயாவது வீட்டில கிடந்தால் அதையும் விடாதேங்கோ. எம்42 எண்ட திருகு வாய் லென்ஸ் ஒரு சின்ன அடப்ரரோட கனனில வடிவாப் பொருந்தும். சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2, 58 மில்லிமீற்றர் எஃப் 2, அந்த வகைதான். அதை முழுக்கத் திறந்து வச்சு, பின்னால இலை இடைவெளிக்குள்ளால வெளிச்சம் விழுற இடமாப் பாத்து எடுத்தால் அந்த வெளிச்சப் பொட்டெல்லாம் பூவைச் சுத்தி வட்டமாச் சுழிச்சுக்கொண்டு நிக்கும்.

சோளகம்

அண்ணை, நான் செய்யிறனான், ஆனா வெளியில இல்லை. யன்னல் பூட்டி, ஃபானை நிப்பாட்டி, அறைக்குள்ள பூவைக் கொண்டுவந்து வைச்சு. இருந்தாலும் அக்காவுக்கு இருக்கிறது ஒரே ஒரு கமெரா எண்ட படியால் நானும் றிங்தான் நல்லது எண்டு சொல்லுவன்.

சித்திரபாடம்

வணக்கம், நான் பள்ளிக்கூடத்தில சித்திரம் படிப்பிக்கிறனான், டபுள் எக்ஸ்போஷருக்கு ஒருத்தரும் மறுமொழி எழுதேல்லை எண்டு பாத்து எழுதுறன்.

1300டியில அந்த வசதியே இல்லை, இனித் தேடாதேங்கோ. 2012ல வந்த 5டி மார்க் 3 மாதிரிப் பெரிய மொடலுகளிலதான் கனன் அதை வச்சது. பரவாயில்லை, படங்களைத் தனித்தனியா எடுத்துக் கொம்பியூட்டரில கிம்ப் எண்ட இலவச மென்பொருளில அடுக்கலாம். அதில எல்லாரும் விடுற பிழை ஒண்டு இருக்கு, எல்லா லேயரையும் (ஒண்டுக்கு மேல ஒண்டா வைக்கிற படங்களை) 50 வீதம் தெரியிற அளவில வைக்கிறது. அப்பிடி வச்சால் மேல கிடக்கிற படம்தான் ஆட்சி செய்யும், அடியில கிடக்கிறது செத்துப் போகும். அடிப்படம் 100, ரெண்டாவது 50, மூண்டாவது 33, நாலாவது 25, ஒண்டை லேயர் எண்ணால பிரிச்சுக்கொண்டு போனால் எல்லாப் படத்துக்கும் சம பங்கு கிடைக்கும்.

இதை வச்சு ஒரு நல்ல விளையாட்டு, தேமா மரத்தைச் சுத்தி நடந்து பத்துப் பன்ரண்டு படம் எடுக்கிறது. ஒவ்வொரு படத்திலயும் அடிமரம் நடுவில, ஒரே உயரத்தில வரவேணும். எல்லாத்தையும் மேல சொன்ன கணக்கில அடுக்கினால் மரம் நடுவில நிக்கும், பூவும் வீடும் கிணறும் அதைச் சுத்திப் புகையா எழும்பும். எல்லாப் பக்கத்தில இருந்தும் ஒரே நேரத்தில பாத்த மாதிரி. உங்கட பெரியம்மா அந்த மரத்தை ஒரே பக்கத்தில நிண்டோ பாத்திருப்பா, எல்லாப் பக்கத்தாலயும் கூட்டியிருப்பா.

உங்களிட்டப் பூவரசு இருக்கெண்டீங்கள். அதை விடாதேங்கோ. பூவரசம்பூ விடிய விரியேக்க நல்ல மஞ்சள், அடியில கடும் சிவப்புப் பொட்டு. பின்னேரமாகச் செம்மை ஏறி, பேந்து ஊதாச் சாயலோட வாடும். ஒரே பூவை ஒரே இடத்தில நிண்டு விடிய ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா எடுத்து ரெண்டையும் சேத்தால் ஒரு பகல் முழுக்க ஒரு படத்துக்குள்ள வரும். கொப்பு காத்துக்கு ஓடாமல் ஒரு தடி நட்டு உடுப்புக் கிளிப்பால பூவுக்குக் கீழ பிடிச்சு விடுங்கோ, ஸ்ராண்டின்ர கால் நிண்ட இடத்தில மண்ணில அடையாளம் வையுங்கோ.

வெள்ளைப் பூவுக்கு லேயர் மோடை லைற்றனுக்கு மாத்துங்கோ. ரெண்டு படத்தில எது வெளிச்சமோ அது மட்டும் தெரியும். தென்னோலைக் கிடுகுப் பின்னலை நிழல்ல இருட்டா ஒரு படம், நந்தியாவட்டை ஒரு படம். ரெண்டையும் சேத்தால் பூ கிடுகுக்குள்ள இருந்து பூத்தமாதிரி வரும். இஞ்ச வளந்த ஆளுக்கு அந்தப் பின்னலைக் கண்டால் எந்த ஊர் எண்டு ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை.

கமெராவை விட்டு வெளிய போறன், ஆனா சொல்லாமல் இருக்க மனம் வரேல்லை. மஞ்சள் தூளை சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றில கரைச்சு, தடிச்ச கடதாசியில நிழலுக்குள்ள பூசிக் காயவிட்டு, அதுக்கு மேல ஒரு முருங்கை இலையோ தட்டையான பூவோ வச்சுக் கண்ணாடியால அமத்தி எங்கட வெயில்ல ரெண்டு மூண்டு மணித்தியாலம் விடுங்கோ. வெயில் பட்ட மஞ்சள் வெளிறும், இலை மறைச்ச இடம் அப்பிடியே நிக்கும். பேந்து வெண்காரம் கரைச்ச தண்ணியில தோய்க்க மஞ்சள் செம்மண் நிறத்துக்கு மாறும். பூச்சாற்றால படம் பிடிக்கிற உந்த வேலையை ஜோன் ஹெர்ஷல் எண்ட ஆங்கிலேய விஞ்ஞானி 1842லயே எழுதி வச்சிட்டார். என்ர ஏழாம் வகுப்புப் பிள்ளையள் செய்தவை, மத்தியானம் கண்ணாடியைத் தூக்கின நேரம் அதுகளின்ர முகத்தைப் பாக்க வேணும். ஒரு படத்தைக் கடித உறையில போட்டு ரொறன்ரோவுக்கு அனுப்பிப் பாருங்கோ, ஆனா வெளிச்சத்தில கொழுவ வேண்டாம் எண்டு எழுதி விடுங்கோ, மங்கிப் போகும்.

செம்மண்வளவு

பத்து நாள் ஆச்சு, இப்பதான் எழுத நேரம் கிடைச்சுது. செய்ததைச் சொல்லுறன்.

செவ்வரத்தை ஒண்டும் மூண்டில ஒண்டும் ஸ்ரொப் குறைச்சு, விடிய ஆறே முக்காலுக்கு. இதழில நரம்பு மட்டுமில்லை, நரம்புக்கு ரெண்டு பக்கமும் பட்டுச்சீலை மாதிரி ஒரு மினுக்கம் இருக்கு, அது இதுவரைக்கும் என்ர கண்ணுக்கே தெரியேல்லை. றிவேர்ஸ் றிங் வாங்கிப் போட்டன். நடுத்தண்டின்ர நுனியில அஞ்சு சிவப்புப் பொட்டு இருக்கே, கிட்டப் பாத்தால் அஞ்சும் மயிர் வச்ச குட்டி வெல்வெற் உருண்டை. ஒண்டில மட்டும் மூண்டு மஞ்சள் மகரந்தமணி ஒட்டிக்கொண்டு நிண்டுது. எண்பது படம் எடுத்து ஒண்டு ஃபோக்கஸில விழுந்தது, அந்த ஒண்டு காணும்.

தேமாவைச் சுழட்டினது இன்னும் சரிவரேல்லை, நடு மஞ்சள் ஒவ்வொருக்காவும் விலகுது. பூவரசு, கிளிப் போட்டுத்தான் பிடிச்சனான், ஆனா பின்னேரம் பூ தானாக் கூம்பிப் போச்சு, விடியக்காலை உருவத்தோட பொருந்தேல்லை. சேத்த படத்தில மஞ்சள் பெரிய வட்டமாவும், அதுக்குள்ள சிவப்பு ஒடுங்கின பூவாவும் நிக்குது. அது பிழையோ சரியோ எண்டு தெரியேல்லை.

18ல கிணத்தடித் தேமா எடுத்ததைத்தான் முதல் பெரியம்மாவுக்கு அனுப்பினனான். கொஞ்ச நேரம் ஒண்டும் வரேல்லை. பேந்து வொய்ஸ் ஒண்டு வந்தது, "கிணத்துக்கட்டுக்குப் புதுசாப் பூசியிருக்கிறியள் போல, பூசேக்க அந்தத் தேமா வேரில சீமெந்து கொட்டாமப் பாத்தவையோ?" எண்டு. அதுக்குப் பிறகு முக்கால் மணித்தியாலம் கதைச்சவ, எந்தக் கொப்பை எந்த வருசம் வெட்டினது எண்டெல்லாம். இப்ப நாலுமணிப்பூ விரியிறதைக் கேட்டிருக்கிறா. அது மங்கல் நேரம் விரியும், காத்தும் நிக்காது, என்ன செய்யலாம்?

சித்திரபாடம்

பூவரசு பிழை இல்லை, அப்பிடியே வையுங்கோ, கூம்பினதும் அந்தப் பூவின்ர நாள்தானே.

சோளகம்

நாலுமணிப்பூவுக்குச் செடியோட மல்லுக்கட்டாதேங்கோ அக்கா. பின்னேரம் மூண்டரைக்கு, விரியப்போற மொட்டுகளாப் பாத்து ஒரு கொப்பு வெட்டித் தண்ணிப் போத்தில்ல வச்சு, காத்துப் படாத விறாந்தை மூலையில வையுங்கோ. பின்னால உங்கட வீட்டுத் தூணோ படியோ தெரியிறமாதிரி. கமெராவை ஸ்ராண்டில இறுக்கி, மனுவல் ஃபோக்கஸ், வைற் பலன்ஸ் டேலைற்றில நிப்பாட்டி, ரெண்டு நிமிசத்துக்கு ஒரு படம், ஆறு மணி மட்டும். ரெண்டு செக்கன் செல்ஃப் ரைமர் போட்டால் கை பட்டு ஆடாது. வெளிச்சம் குறையக் குறைய ஷட்டர் நேரத்தை மட்டும் கூட்டுங்கோ, வேற ஒண்டையும் தொடாதேங்கோ. எழுவத்தஞ்சு படம் அளவில வரும், அதில எட்டுப் பத்தைத் தெரிஞ்சு ரீச்சர் சொன்ன கணக்கில அடுக்குங்கோ. மொட்டு உள்ளுக்கயும் விரிஞ்சது வெளியிலயுமா வரும். இண்டைக்கே ஏலுமெண்டால் இண்டைக்கே செய்யுங்கோ, பற்றறி முழுசாச் சார்ஜ் இருக்கோ எண்டு இப்பவே பாருங்கோ.